கித்தான் வீடு

என் தமக்கையின் மகன் சென்ற ஆண்டு ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கினான். வண்டி வாங்கியவன் சும்மா இருப்பானா? மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கொடைக்கானல் மலைப்பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டான். ஓட்டல் கூடாதாம், கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமாம்.

"மாமா, மழைக்குத் தாங்கவேண்டும், விலையும் குறைவாக இருக்கவேண்டும். நீங்கள்தான் நாலு புத்தகம் படிக்கிறவர். எந்தக் கூடாரத்தை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? என் கதாநாயகர்களும் மழையில் நனைந்திருக்கிறார்கள். ஆனால், அவர்கள் ரொம்பவும் நனைவதற்குள் வழியில் ஒரு பாழ்மண்டபத்தைக் கட்டிவைத்துவிடுவது என் வழக்கம். கூடாரம் வாங்கிக் கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை. ஆயினும், மாமன் என்ற பதவியை விட்டுக்கொடுக்க மனம் வருமா? "பத்து நாள் பொறு" என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். தேடப்போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அதைத்தான் இங்கே வாசகர்களிடம் சொல்லப்போகிறேன்.

கூடாரம் மனிதனுக்குப் புதிதல்ல. அரசர்கள் படையெடுத்த காலத்திலிருந்து இருப்பதுதான். ஆனால் சாதாரணக் குடும்பஸ்தன் ஒருவன், யுத்தத்துக்காகவும் அல்லாமல் வியாபாரத்துக்காகவும் அல்லாமல், வெறும் உல்லாசத்துக்காகத் தன் சொந்த வண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டது சமீப காலத்துச் சங்கதி. அது பெருவழக்காகப் பரவிய இடம் அமெரிக்கா.

ஹென்றி ஃபோர்டு தமது 'மாடல் டி' வண்டியை 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 850 டாலர். 1920களின் நடுவில் அதே வண்டி 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியாரும் விவசாயியும் கடைச் சிப்பந்தியும் வண்டிக்காரர்கள் ஆனார்கள். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகளை அனுமதித்தார்கள். பிறகு கேட்கவேண்டுமா?

ஃபோர்டே இந்தப் பைத்தியத்துக்கு ஆளானவர்தான். அவரும், எடிசனும், டயர் முதலாளி ஃபயர்ஸ்டோனும், ஜான் பரோஸ் என்ற இயற்கை எழுத்தாளரும் சேர்ந்து கோடைதோறும் காடுமேடெல்லாம் சுற்றினார்கள். 1921இல் ஜனாதிபதி ஹார்டிங்கும் அவர்களுடன் வந்து கூடாரத்தில் தங்கினார். எளிய வாழ்க்கைதான், ஆனால் சமையற்காரரும், பண்டங்களை ஏற்றிய லாரிகளும், ஆளுக்கொரு கூடாரமும், எடிசனின் மின்சார விளக்கும் கூடவே வந்த எளிய வாழ்க்கை!

சாமானியர்களுக்கு இந்தப் பரிவாரம் ஏது? தகர டப்பாவில் அடைத்த உணவைத் தின்றுகொண்டு, வண்டியின் ஒரு பக்கத்தில் கித்தானைக் கட்டி, மறுமுனையை முளையடித்து இழுத்து, அதனடியில் உறங்கினார்கள். 1919இல் ஃபிளாரிடா மாநிலத்துத் தாம்பா நகரத்தில் இவர்கள் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்பது சங்கத்தின் பெயர். வண்டியின் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருப்பது அங்கத்தினருக்கு அடையாளம். பிறர் கேலி செய்வதற்கு முன்னால் தாமே கேலி செய்துகொண்டுவிட்டால் மானம் பிழைக்கும் அல்லவா?

இவர்களும் என் மருமகன் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்கள்: குறைந்த செலவில் மழைக்குத் தாங்குவது எது? முதல் உலக யுத்தம் முடிந்து, சேனையில் மிஞ்சிய கூடாரங்கள் மலிவாக விலைக்கு வந்தன. சிப்பாய்க் கூடாரம் இரண்டு பாதியாக இருக்கும். ஆளுக்கொரு பாதியைச் சுமந்து சென்று, இரவில் பொத்தான் போட்டு இணைத்துக்கொள்ளவேண்டும். அடியில் விரிப்புக் கிடையாது. மழை வந்தால் தலைக்கு மேலிருந்து வருவதைவிடத் தரையோடு வரும் தண்ணீர்தான் அதிகம். யுத்தத்தில் இதைச் சகித்துக்கொள்ளலாம். மாமியாரை உல்லாசப் பிரயாணத்துக்கு அழைத்து வந்திருக்கும்போது சகிக்க முடியுமா?

பருத்திக் கித்தானுக்கு ஓர் அதிசயமான குணம் உண்டு. நனைந்ததும் அதன் நூல் உப்பும். உப்பிய நூல்கள் இடையிலுள்ள துவாரங்களை அடைத்துக்கொள்ளும். ஆகவே நன்றாக நெய்த கித்தான், மருந்து ஏதும் பூசாமலே ஓரளவு மழையைத் தாங்கிவிடும். புதுக் கூடாரத்தை முதலில் ஒரு முறை நனைத்து உலர்த்தி எடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஆனால் மழை பெய்யும்போது உள்ளிருப்பவர் கையோ தலையோ துணியில் பட்டுவிட்டால், பட்ட இடத்தில் நீர் ஒழுகத் தொடங்கிவிடும். கோபக்கார வீட்டுக்காரரைப் போல, தொடாத வரையில் ஒரு குறையும் இல்லை.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் படிகாரத்தையும் ஈய உப்பையும் கரைத்துத் துணியை அதில் ஊறவைத்தார்கள். சிலர் மெழுகை உருக்கிப் பூசினார்கள். மெழுகு மலிவு, நீரையும் நன்றாகத் தடுக்கும். அந்த மெழுகைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊர்களும் இந்த யாத்திரிகர்களை முதலில் கையெடுத்து வரவேற்றன. நகரசபைகள் மரநிழலில் இடம் ஒதுக்கி, தண்ணீர் வசதியும் அடுப்பும் செய்துகொடுத்து, இலவசமாகத் தங்கிக்கொள்ளுங்கள் என்றன. வருகிறவர்கள் கடைத்தெருவில் நாலு காசு செலவழிப்பார்கள் என்ற கணக்குத்தான். கொஞ்ச காலத்தில், செலவழிக்கக் காசில்லாதவர்களும் அதே பழைய வண்டியில், அதே பழைய கித்தானோடு வந்து சேர்ந்தார்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள். உடனே ஊர்களின் முகம் மாறிவிட்டது. 1920களின் நடுவிலேயே பல முகாம்களில் தினக் கட்டணம் வைத்துவிட்டார்கள். கட்டணத்தின் நோக்கம் வருமானம் மாத்திரம் அல்ல, வடிகட்டுவதும்தான். கையில் காசுள்ளவர்களோ கூடாரத்தை விட்டுச் சாலையோரச் சிற்றறைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 'மோட்டல்' என்ற பெயரைச் சூடிய முதல் விடுதி 1925 டிசம்பரில் கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது.

இதுவரையில் படித்தபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு வந்ததும் வேடிக்கை போய்விட்டது.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து பெரும் பஞ்சகாலம் வந்தது. 1930களில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்து, உழுத மண் புழுதிப் புயலாக எழுந்தது. நிலத்தை இழந்த லட்சக்கணக்கான மக்கள் மூட்டைமுடிச்சுகளைப் பழைய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். வண்டியின் பக்கத்தில் கித்தானைக் கட்டி உறங்கினார்கள். பத்து ஆண்டுக்கு முன்பு உல்லாசமாக இருந்த அதே காட்சி! வண்டி மாறவில்லை, கித்தான் மாறவில்லை. திரும்பிப் போக வீடு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

1936 மார்ச் மாதத்தில் டாரதியா லாங் என்ற புகைப்படக்காரர், அரசாங்க வேலையை முடித்துக்கொண்டு மழையில் வண்டியோட்டித் தம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற ஊருக்கருகில் 'பட்டாணி பறிப்போர் முகாம்' என்ற பலகை கண்ணில் பட்டது. களைப்பில் நிற்காமல் போய்விட்டார். சுமார் இருபது மைல் போனபின் மனம் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பட்டாணிப் பயிர் பாழாகி, பறிக்க வேலையில்லாமல் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். ஒரு பக்கம் திறந்த கித்தான் சாய்ப்பின் கீழே, முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். லாங் எடுத்த அந்தப் படம் உலகப் பிரசித்தி பெற்றது. பத்திரிகையில் செய்தி வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 ராத்தல் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. தம் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மாள் பிற்காலத்தில் மனக்குறையோடு சொன்னார்.

1938ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் வைசேலியா பகுதியில் வெள்ளம் வந்து கூடாரங்கள் நீரில் நின்றன. உதவி செய்யப்போன நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், தாம் கண்டதைத் தாங்க முடியாமல் திரும்பினார். மறு ஆண்டு 'கோபத்தின் திராட்சைகள்' என்ற அவரது நாவல் வெளிவந்தது. அரசாங்கம் ஆர்வின் முதலிய இடங்களில் அமைத்த முகாம்களும் அந்நாவலில் வருகின்றன. அங்கும் குடியிருப்பு கூடாரம்தான். ஆனால் அதன் கீழே தரைக்குமேல் உயர்த்திய மரப்பலகை மேடை இருந்தது. குளிக்க இடமும் கழிப்பறையும் இருந்தன. குடியிருப்போர் தாங்களே தேர்ந்தெடுத்த கமிட்டி இருந்தது. துணியைச் சீர்படுத்துவதைவிட, துணிக்குக் கீழே இருப்பதைச் சீர்படுத்துவதே பெரிய காரியம் என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது.

இனி மெழுகுக் கதை. 1944 ஜூலை 6ஆம் தேதி பிற்பகல், ஹார்ட்ஃபர்டு நகரில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. சுமார் ஏழாயிரம் பேர் கூடியிருந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மழைக்கு ஒழுகாமலிருக்க அந்தப் பிரம்மாண்டமான கூடாரத்துக்கு மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். ஓர் ஓரத்தில் தீப்பிடித்தது. பத்து நிமிஷத்துக்குள் கூடாரம் முழுவதும் எரிந்து விழுந்துவிட்டது. இறந்தவர்கள் குறைந்தது 167 பேர். மலிவாக மழையைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, நெருப்புக்கு விருந்து வைத்துவிட்டது. மலிவு என்பதன் முழு விலையும் சீட்டில் எழுதியிருப்பதில்லை.

பிறகு நைலானின் காலம் வந்தது. 1935இல் சோதனைச்சாலையில் பிறந்த அந்த இழை, யுத்தத்தில் பாராசூட்டாகி, யுத்தத்துக்குப்பின் கூடாரத்துக்கும் வந்தது. பருத்தியைப்போல் அது நனைந்து உப்பித் துவாரத்தை அடைக்காது. மேலே பூச்சு வேண்டும். பூசினால் வெளிநீர் வராது. ஆனால் உள்ளே உறங்குபவரின் மூச்சும் வெளியே போகாது. விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் நம் மூச்சுத்தான். அதற்காகத்தான் இன்றைய கூடாரத்துக்கு இரண்டு துணி: உள்ளே காற்றுப்போகும் துணி, வெளியே மழை தாங்கும் துணி.

பத்து நாள் கழித்து மருமகன் வந்தான். இத்தனையையும் சொன்னேன். பொறுமைசாலிப் பிள்ளை, கேட்டுக்கொண்டான். பிறகு, "எதை வாங்கட்டும் மாமா?" என்றான்.

"எடை குறையக் குறையக் கூடாரத்தின் விலை ஏறுகிறது. தோளில் சுமந்து மலையேறுகிறவனுக்கு அது வேண்டும். உனக்கு வண்டி சுமக்கப்போகிறது. ஆகையால் கனத்தைப் பார்க்காதே, அதில் மிச்சம்பிடி. வெளித்துணி தரைவரைக்கும் இறங்குகிறதா பார். அடித்துணி தாம்பாளத்து விளிம்புபோல் நாலு பக்கமும் மேலே ஏறியிருக்கவேண்டும். துணி தாங்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாமலிருந்தால் சாதாரண மழைக்குப் போதும். ஆனால் அந்த எண்ணைவிடத் தையலைப் பார். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் நாலு விறகுக்கட்டைக்கு என்று பொருள். நீங்கள் மூன்று பேருக்கு அதுதான் சரி. மேலே கட்ட ஒரு தார்ப்பாய் தனியாக எடுத்துக்கொள். மேட்டில் அடி, பள்ளத்தில் அடிக்காதே. உள்ளே அடுப்பு மூட்டாதே. போவதற்குமுன் நம் மொட்டை மாடியில் அடித்து, நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்" என்றேன்.

அப்படியே செய்தான். மாடியில் ஒரு மூலைத் தையல் ஒழுகியது. பசை தடவிச் சரிசெய்தான். மலையில் இரண்டாம் நாள் இரவு நல்ல மழையாம். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை என்று பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமலிருந்தான்.

"மாமா, மலையடிவாரத்தில் சாலை போடுகிறவர்கள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடியிருக்கிறார்கள். போகும்போது நான் பார்க்கவேயில்லை. திரும்பும்போதுதான் பார்த்தேன். குழந்தைகள் நனைந்துகொண்டிருந்தன. நம் தார்ப்பாயை அங்கே கொடுத்துவிட்டு வந்தேன். அது எத்தனை நாளைக்குக் காணும்?"

நான் பதில் சொல்லவில்லை. இருபது மைல் போனபின் வண்டியைத் திருப்பிய அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். தார்ப்பாய் ஒரு மழைக்காலத்துக்குக் காணும். மரமேடையும், குளிக்க இடமும், ஊரில் ஒரு பங்கும் யார் கொடுப்பது என்ற கேள்வி மாத்திரம் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கிறது.