இருப்புப்பாதை ஊழியர் கண்ட இருபத்தேழு இலக்க எண்

618970019642690137449562111. எண்பத்தொன்பது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் குறைத்தால் கிடைக்கும் எண் இது. ஒன்றும் தானும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். இதனை 1911ஆம் ஆண்டில் மெய்ப்பித்த ரால்ஃப் எர்னஸ்ட் பவர்ஸ் என்னும் அமெரிக்கர் கணிதப் பேராசிரியர் அல்லர். டென்வர் - ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் இரயில்வேயில் பணியாற்றியவர். அத்துறையிலேயே பைல்களோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பென்ன!

கதை 1644இல் தொடங்குகிறது. பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென், இவ்வாறு இரண்டைப் பெருக்கி ஒன்று குறைக்குமிடத்து, 257 வரை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொரு முறைகளே பகா எண் தருமென எழுதினார்; நிரூபணம் தந்தாரில்லை. பெரியவர் வாக்கென்று பட்டியல் நெடுங்காலம் நின்றது. 61 விடுபட்டதை 1883இல் உருசிய நாட்டுக் கிராமப் பாதிரியார் பெர்வூஷின் காட்டினார். 89 விடுபட்டதைக் காட்டியவரே நம் பவர்ஸ்.

எப்படிக் காண்பது? பிரெஞ்சு அறிஞர் லூக்காஸ் வகுத்த சோதனையின் இன்றைய வடிவம் எளியது. நான்கில் தொடங்குக. தன்னோடு பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொள்க. ஐந்து இரண்டுகளால் வரும் 31ஐச் சோதிப்போம். முதலில் 14, அடுத்து 194, மீதி 8, மூன்றாவது 62, மீதி சுழி. ஆகவே 31 பகா எண். பவர்ஸின் எண்ணுக்கோ இவ்வாறு 87 முறை! ஒவ்வொரு முறையும் ஐம்பத்து நான்கு இலக்கம் வரை விரியும் பெருக்கல். பின் நெடிய வகுத்தல்.

கணக்கு எழுதுவோர் ஒன்றை உடனே உணர்வர். இடையில் ஓரிலக்கம் பிறழின் பின்வருவன யாவும் பிறழும். பிறழ்ந்த கணக்கு தற்செயலாகச் சுழியில் வந்து நிற்பது ஏறக்குறைய நடவாத காரியம். ஆதலின் அச்சுழியே தணிக்கையும் ஆகிறது. சுழி வாராவிடில்தான் சங்கடம்: எண் வகுபடுவதா, கைப்பிழையா? 67க்குரிய எண் பகா எண் அன்றென லூக்காஸ் 1876இலேயே கூறியிருந்தார். எனினும் அது 193707721, 761838257287 என்னும் இரண்டின் பெருக்கம் என்று நியூயார்க்கில் 1903இல் கோல் காட்டிய பின்னரே, பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்க முடிந்தது.

1914இல் பவர்ஸ் 107க்குரிய 33 இலக்க எண்ணையும் பகா எண்ணென நாட்டினார். பிரான்சில் ஃபோகம்பெர்க் என்பவரும் அதே ஆண்டில் தனியே அம்முடிவை எய்தினார். மின்னணுக் கணிப்பொறிக்கு முன் கண்டறிந்த இவ்வகைப் பகா எண்களில் அதுவே கடைசி. அடுத்தது, 157 இலக்கங்களோடு, 1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கணிப்பொறியிலிருந்து வந்தது. பவர்ஸ் காலமானதும் அதே ஜனவரித் திங்களில்தான்.