காதி நீதிமன்றத்திற்குப் போகுமுன் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியவை

என் தங்கச்சியின் விவாகரத்து வழக்கு முடிந்து இரண்டு வருடங்களாகின்றன. அந்த வழக்கிற்காக அவளுடன் நானே அலைந்தேன். ஆரம்பத்தில் எதுவும் தெரியாமல் போனதால் நாங்கள் இழந்தவை பல. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்பதால், நாங்கள் பிந்திக் கற்றதை நீங்கள் முந்தியே அறிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கில் இதை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஒரு சட்டத்தரணி பொறுமையாக விளக்கியதையும், காதி நீதிமன்றத்தின் வாசலில் காத்திருந்து கண்டதையுமே கூறுகிறேன்.

மச்சான் செலவுக்குப் பணம் தருவதை நிறுத்தியபோது, தங்கச்சி இரண்டு பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினான்கு மாதங்கள் அவளுக்கு நான் கூறியது "பொறுமையாக இரு" என்பது மட்டும்தான். அந்தப் பதினான்கு மாதங்களில் ஒரு சதமேனும் வரவில்லை. கடைசியில் நகரத்தில் உள்ள ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். காணி வழக்குப் போலக் கட்டணத்தைக் கொடுத்தால் அவர் நீதிமன்றத்தில் பேசுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் சொன்னதே, "காதியின் முன்னிலையில் உங்கள் தங்கச்சிக்காக நான் ஆஜராக முடியாது" என்பதுதான். நான் எழும்பப் போனேன். "இருங்க நானா, அங்கே வந்து பேச ஏலாது என்றுதான் சொன்னேன். உதவி செய்ய ஏலாது என்று சொல்லவில்லை" என்றார்.

எந்த நீதிமன்றம் எதைச் செய்யும்?

இலங்கை முஸ்லிம்களின் விவாகமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் காதியே வழக்கை விசாரிப்பார். அச்சட்டத்தின்படி காதியின் முன்னிலையில் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. கணவனும் மனைவியும் தாமாகவே பேச வேண்டும்.

விவாகரத்து, மனைவியினதும் பிள்ளைகளினதும் தாபரிப்பு, இத்தாக்காலத் தாபரிப்பு, மஹர், கைக்கூலி ஆகியவை காதியின் அதிகாரத்திற்குள் வருபவை. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற பொறுப்பு வழக்கைக் காதி தீர்க்க முடியாது. அது மாவட்ட நீதிமன்றத்திற்கு உரியது. காணி, வீடு பற்றிய உரிமைப் பிணக்கும் அப்படியே. இந்தப் பிரிவினை தெரியாததால், எல்லாவற்றையும் ஒரே நாளில் காதியிடம் கேட்டுவிடலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

விவாகரத்தின் வகைகள்

தலாக் கணவன் கேட்பது. அவர் மனைவி வசிக்கும் பகுதிக்குரிய காதிக்குத் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். காதி உறவினர்கள், ஊர்ப் பெரியவர்கள், முஅல்லிம்களின் உதவியோடு சமாதானத்திற்கு முயற்சிப்பார். 30 நாட்களுக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால், காதியினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் கணவன் தலாக் கூறலாம். அதன் பின்னரும் சமாதான முயற்சிக்கு இடமுண்டு. அதுவும் கைகூடாவிட்டால் விவாகரத்து பதியப்படும். தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ மூன்று முறை சொல்லிவிட்டு முடிந்தது என்று விடுவது இந்தச் சட்டம் கூறும் நடைமுறை அல்ல.

பஸஹ் கணவனின் குற்றத்தைக் காட்டி மனைவி கேட்பது. கொடுமை செய்தல், தாபரிக்காமல் விடுதல் போன்றவை இதில் அடங்கும். கணவனின் சம்மதம் தேவையில்லை. காதியுடன் மூன்று ஜூரிமார் அமர்ந்து விசாரிப்பார்கள். குற்றச்சாட்டை மனைவி நிரூபிக்க வேண்டும். ஆகவே சாட்சிகள் முக்கியம்.

குல்உ என்பது மனைவி மஹரையோ வேறொரு ஈட்டையோ கொடுத்துப் பிரிவைக் கேட்பது. முபாரஆத் என்பது இருவரும் மனமொத்துப் பிரிவது.

பெண்கள் அதிகம் ஏமாறும் இடம் பஸஹுக்கும் குல்உவுக்கும் இடையில் என்று சட்டத்தரணி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் கூறியபடியே நடந்தது. இரண்டாவது தவணையில் எங்களிடம், "பஸஹ் என்றால் இழுபடும். குல்உவாக மாற்றிக்கொண்டால் இன்றைக்கே முடித்துவிடலாம்" என்று சொல்லப்பட்டது. களைத்துப் போயிருந்த தங்கச்சி பேனையைக் கையில் எடுத்துவிட்டாள். குற்றம் செய்தவர் கணவனாக இருக்க, மஹரை விட்டுக்கொடுத்து வெளியேறுவது மனைவியாக இருக்கும். இது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எனக்கு யோசிக்கத் தவணை வேண்டும்" என்றாள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தது சட்டத்தரணிதான். ஏழு மாதங்கள் சென்றன. பஸஹ் கிடைத்தது.

குல்உ மார்க்கத்தில் உள்ள உரிமை. அதைக் குறைகூறவில்லை. தெரிந்து தெரிவு செய்வது வேறு, களைப்பில் கையெழுத்திடுவது வேறு.

பணம் சம்பந்தமானவை

மனைவிக்கான தாபரிப்பு, பிள்ளைகளுக்கான தாபரிப்பு, இத்தாக்காலத் தாபரிப்பு, மஹர், கைக்கூலி ஆகியவை தனித்தனிக் கோரிக்கைகள். விவாகரத்தைக் கேட்டால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். மனைவி கர்ப்பிணியாக இருந்தால் பிரசவச் செலவையும் கேட்கலாம்.

கைக்கூலி பற்றி ஒரு விடயம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் அந்தப் பணமும் பொருளும் மணப்பெண்ணின் பாவனைக்காகக் கொடுக்கப்படுபவை என்றே சட்டம் பார்க்கிறது. எனவே மனைவி அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். எங்கள் வாப்பா கொடுத்தபோது ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வாங்கவில்லை. "மருமகனிடம் ரசீது கேட்பதா?" என்றார். விவாகப் பதிவிலும் அது குறிக்கப்படவில்லை. அந்தத் தொகையில் பெரும்பகுதியை எங்களால் நிரூபிக்க முடியவில்லை.

காதி தாபரிப்புக் கட்டளை வழங்கியும் கணவன் செலுத்தாவிட்டால், காதியின் மூலம் அந்த விடயம் நீதவான் நீதிமன்றத்திற்குப் போகும். அங்கே தண்டப்பணத்தை அறவிடுவது போல அது அறவிடப்படும். பல பெண்கள் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நிலுவை சேர்ந்தவுடனேயே காதிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பிள்ளைகள்

பிள்ளைகளைத் தந்தை கூட்டிச் சென்றுவிடுவாரோ என்ற பயத்தில்தான் பல தாய்மார் வாய் திறப்பதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையின் நலனுக்கே முதலிடம் கொடுக்கப்படும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேசலாம். தந்தைக்குப் பிள்ளையைப் பார்க்கும் நாட்களையும் கட்டளையிலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது. எங்கள் விடயத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று எழுதப்பட்டது. அதன் பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது.

30 நாட்கள்

காதியின் தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குரிய காலம் 30 நாட்கள். அங்கே சட்டத்தரணி ஆஜராகலாம். அதற்கு அப்பால், அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குப் போகலாம்.

எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபா என்று கட்டளை வந்தது. பாடசாலை வேனுக்கே அது போய்விடும். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுத்துப் பிரதி எடுக்கவில்லை, திகதியையும் கணக்கிடவில்லை. சட்டத்தரணியிடம் மீண்டும் போனபோது 26ஆவது நாள். அவர் அன்றிரவே மனுவைத் தயாரித்தார். சபை தொகையை உயர்த்தியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாங்கள் கேட்ட அளவுக்கு அல்ல. காரணம், மச்சானின் கடை வருமானம் பற்றிய எந்த ஆதாரமும் காதியின் பதிவேட்டில் இருக்கவில்லை. காதியின் முன்னால் பதியப்படாததை மேலே போய் நிரூபிப்பது மிகவும் கடினம்.

அடி, மிரட்டல் இருந்தால்

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதங்கள் வரை வழங்கப்படலாம். விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளையும் உண்டு. இதற்கு விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

சட்டத்தரணியிடம் போகும்போது

விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, வங்கிக் கூற்று, பாடசாலை மற்றும் மருந்துச் செலவுச் சிட்டைகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றை ஒரு கோவையில் இடுங்கள். நடந்தவற்றைத் திகதி வரிசையில் ஒரு கடதாசியில் எழுதுங்கள். நிக்காஹ் பதியப்படாமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். பதியப்படாத காரணத்தால் மட்டும் திருமணம் செல்லுபடியற்றதாகிவிடாது. ஆனால் நிக்காஹ் நடந்ததற்குச் சாட்சிகள் தேவைப்படும்.

பின்வருவனவற்றைக் கேளுங்கள்: எங்கள் விடயத்திற்கு எந்த வகை விவாகரத்து பொருந்தும்? காதியிடம் எதையெல்லாம் எழுத்தில் கேட்க வேண்டும்? எது மாவட்ட நீதிமன்றத்திற்குப் போகும்? மேன்முறையீட்டின் கடைசித் திகதி எது? உங்கள் கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம்? வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி நம் சமூகத்தில் நீண்டகாலமாக விவாதம் நடக்கிறது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. யார் எந்தப் பக்கம் நின்றாலும், நாளைக் காலை காதியிடம் போகும் பெண்ணுக்கு அந்த விவாதம் உதவாது. அவளுக்குத் தேவை எழுதிய விண்ணப்பமும், கையில் கோவையும், பக்கத்தில் துணையாக ஒரு மஹ்ரமும்தான்.

நானாமார், வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. பொறுமையைப் போதிக்குமுன், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. பதினான்கு மாதங்களுக்குப் பிறகே கேட்டேன். "நானா, நீங்க கேப்பீங்க என்றுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் தங்கச்சி. அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பிரிய நேரிடும் குடும்பங்களை நீதியோடும் நல்ல முறையிலும் பிரிய வைப்பானாக. பிள்ளைகளின் உள்ளங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.