மண்டையோட்டின் நிழலும் வாயுக் குமிழியும்

'தவறுக்கு வருந்துகிறோம்' என்ற இரண்டு வரிகளைப் பக்கத்தின் மூலையில் அச்சிடுவது எத்துணை சங்கடமானது என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற வகையில் நான் அறிவேன். விஞ்ஞான வரலாற்றிலும் அத்தகைய வரிகள் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாரிசவாதத்தால் வீழ்ந்த நண்பர் ஒருவரை சீ.ரி. ஸ்கேன் அறைக்குக் கொண்டுசென்றபோது நானும் உடன் நடந்தேன். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கட்டிலருகிலேயே கழியொலியால் எடுக்கும் ஸ்கேனை இவருக்கு ஏன் எடுக்க முடியாது என்று வைத்தியரிடம் வினவினேன். "மண்டையோடு விடாது" என்றார் அவர். அந்தச் சுருக்கமான விடையின் பின்னால் நீண்டதொரு கதை இருப்பதைப் பின்னரே அறிந்தேன்.

கார்ல் டுசிக் என்பவர் ஒஸ்திரிய நாட்டு நரம்பியல் வைத்தியர். தலையின் ஒரு பக்கத்திலிருந்து கழியொலியைச் செலுத்தி, மறுபக்கத்தில் அதனைப் பெற்று, மூளையின் உள்ளறைகளைப் படமாக்கலாம் என்று 1942இல் அவர் எழுதினார். 1947இல் படங்களையும் வெளியிட்டார். மருத்துவ உலகம் வியந்தது. ஆனால், 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் அவற்றை மீளாய்ந்தோர், அப்படங்களில் தெரிந்தவை மூளையின் அறைகளல்ல, மண்டையோட்டு எலும்பின் நிழல்களே என்று காட்டினர். டுசிக்கின் கனவு அத்துடன் ஓய்ந்தது போலிருந்தது.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1968இல் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிராமியக், ஷா ஆகிய இருவரும் இதயப் பரிசோதனையின்போது சாயமொன்றைச் செலுத்துகையில், பெருநாடியின் அடியில் எதிரொலிகள் மேகம்போல் திரளக் கண்டனர். அவற்றின் காரணம் நுண்ணிய வாயுக் குமிழிகளே என்பது பின்னர் தெளிவாயிற்று. குருதியைவிட வாயு கழியொலியைப் பன்மடங்கு வலுவாகத் தெறிக்கச் செய்கிறது. 1982இல் ரூனே ஆஸ்லிட், காதுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பின் வழியே மூளை நாடிகளின் குருதி வேகத்தை அளக்கலாம் என்று காட்டினார். வாசலும் கிடைத்தது, விளக்கும் கிடைத்தது.

இன்று பயன்படும் குமிழிகள், கொழுப்பு அல்லது புரதத்தாலான மெல்லிய உறையினுள் அடைத்த வாயுவாகும். செங்குருதிக் கலத்தை ஒத்த பருமன் உடையவை. குருதிக் குழாயை விட்டு வெளியேறாதவை. வேலை முடிந்ததும் வாயு நுரையீரல் வழியே மூச்சோடு போய்விடும். வலிய ஒலித்துடிப்பொன்றால் அவற்றை உடைத்து, மூளைத் திசுவில் புதிய குமிழிகள் எவ்வளவு விரைவில் நிரம்புகின்றன என்று பார்த்தால், அவ்விடத்துக் குருதியோட்டத்தை மதிப்பிடலாம்.

பாரிஸ் ஆய்வாளர்கள் ஒவ்வொரு குமிழியின் இருப்பிடத்தையும் தனித்தனியே குறித்து, 2015இல் எலியின் மூளையில் நுண்குழாய்களை வரைந்தனர். எலும்பு உண்டாக்கும் சிதைவைக் கணினியால் திருத்தி, 2021இல் மனித நோயாளரின் மூளை நாடிகளையும் 25 மைக்ரோன் நுணுக்கம் வரை காட்டினர்.

சீ.ரி. ஸ்கேனின் இடத்தை இம்முறை இன்னும் பிடிக்கவில்லை. எல்லாருடைய மண்டையோட்டு எலும்பும் ஒலிக்கு வழிவிடுவதுமில்லை. எனினும், பாரிசவாத நோயாளியை அசைக்காமல், கட்டிலருகே அவரது மூளையின் குருதியோட்டத்தைப் பார்க்கும் நாள் வருமானால், அதன் முதற்பக்கத்தில் டுசிக்கின் பெயரும் இருத்தல் வேண்டும். அவர் வெளியிட்ட படங்கள்தாம் பிழையானவை. எழுப்பிய கேள்வி பிழையன்று.