டிஸ்கோவுக்குள் ஓர் ஒப்பாரி

நாற்பது வருடமாக மனதை உறுத்தும் ஒன்றை இன்று எழுதுகிறேன்.

1985-இல் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். ஆண்டு விழாவில் டிஸ்கோ ஆட ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயர் கொடுத்தான். அவன் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஏன்டா, இந்த நேரத்துல உனக்கு டிஸ்கோ கேக்குதா?" என்று திட்டி, பெயரை அடித்துவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

டிஸ்கோ என்றால் மினுக்கும் சட்டை, சுழலும் விளக்கு, கும்மாளம். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியபோது 'பாடும் வானம்பாடி' பார்த்தேன். நாகேஷின் மகன் ஆனந்த்பாபு நடித்தது. 1982-இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்து, பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் தழுவல். அந்த மூலக்கதையில், நாயகனைக் கொல்ல பகைவர்கள் கிட்டாரில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதைத் தொட்டு அம்மா இறந்துபோகிறாள். பிறகு கிட்டாரைக் கண்டாலே அவன் நடுங்குகிறான். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை மறுபடி எப்படி மேடையேறுகிறான் என்பதுதான் கதை. தியேட்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பையன் முகம் வந்து நின்றது.

ஓய்வு பெற்றபின் டிஸ்கோவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1970-களில் நியூயார்க்கில் கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் என, ஊர் ஒதுக்கியவர்கள் கூடிய நடனக் கூடங்களில் வளர்ந்த இசை அது. 1978-இல் குளோரியா கெய்னர் என்ற பாடகி மேடையில் விழுந்து, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, இடுப்பில் தாங்கு பட்டையோடு நின்று 'ஐ வில் சர்வைவ்' பாடினார். காதலன் கைவிட்டுப் போன பெண் தானே தேறி எழும் பாட்டு. கம்பெனி அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டது. நடனக் கூடங்களில் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1979-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி. தாளம் கீழே தளராமல் நடக்கும், குரல் மேலே அழும்.

இது நமக்குப் புதிதா? நம் ஊர்ச் சாவு வீட்டில் உள்ளே ஒப்பாரி, வாசலில் பறை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஆடுகிற சொந்தக்காரர்களை யாராவது "சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்பார்களா? துக்கத்தைச் சுமக்கத் தாளம் வேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரிந்திருந்தது. பாடம் நடத்திய எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அவன் ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு பிள்ளையின் பெயரை அடிக்கும் முன் "ஏன் ஆடணும்னு தோணுது?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.