மருத்துவச்சிக்கு ஓர் அத்தியாயம்

அரசுகளின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்தவர் என்றே வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூனை (1332–1406) நாம் அறிவோம். ஆயினும், 1377இல் அவர் யாத்த ‘முகத்திமா’வில் மருத்துவச்சியின் தொழிலுக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. எழுத்துக்கலை, மருத்துவம் ஆகியவற்றோடு அதனையும் அவர் மேன்மைமிகு கலைகளுள் வைத்தார்.

பேறுகால வேதனையில் தாயின் முதுகையும் இடுப்பையும் அவள் பிடித்துவிட்டுப் பிரசவத்தை எளிதாக்குவாள். பிறந்த குழந்தையின் உறுப்புகளை நீவிவிடுவாள். பின்னர் நஞ்சுக்கொடி வெளிப்படத் தாய்க்கு உதவுவாள். பால்குடி மறக்கும்வரை குழந்தையின் நோய்களைத் தேர்ந்த மருத்துவரினும் அவளே நன்கறிவாள் என்பது அவர் கூற்று.

பிரசவ வேளையில் தாய் விரும்பும் துணை அருகிருக்க வேண்டும், வலி தணிய உடலைப் பிடித்துவிடலாம் என 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. மருத்துவமனை செல்லும் நம் பெண்களுக்கு அத்துணை கிட்டச் செய்வது குடும்பத்தாரின் கடமையன்றோ!