எது கல்யாணம்? சுக்கிலநத்தத்தில் கேட்ட கேள்வி

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். தலைப்பு: "தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டுமா?" ஒரு நண்பன் எழுந்து, "வேதத்துல இல்ல, பைபிள்ல இல்ல, குர்ஆன்லயும் இல்ல. சாமி ஒத்துக்காத கல்யாணத்தைச் சட்டம் மட்டும் எப்படி ஒத்துக்கும்?" என்றான். பலத்த கைதட்டல். எதிரணியில் இருந்த எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பதில் வந்தது (எனக்கு எப்பவும் அப்படித்தான்). இதே கேள்வியை எங்கள் பக்கத்தில் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். அப்போது கேட்டது வேறு ஒரு கல்யாணத்தைப் பற்றி.

எனக்கு ஊர் வீரசோழன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று எங்கள் பக்கம் முழுக்க வானம் பார்த்த பூமி. சரித்திரம் என்றால் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும்தான் சொந்தம், நமக்குச் சீமைக்கருவேலம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

1928, சுக்கிலநத்தம்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம் சுக்கிலநத்தம். 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் அங்கே ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, சமஸ்கிருத மந்திரம் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று வரலாற்றில் சொல்லப்படுவது இதைத்தான்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு இந்துத் திருமணம் என்பது ஒரு சம்ஸ்காரம். அக்னி சாட்சி, ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி, இல்லாவிட்டால் அந்தந்தச் சாதியில் தொன்றுதொட்டு வந்த சடங்கு. இவற்றில் ஒன்றுமே இல்லாமல் இரண்டு பேர் மாலை மாற்றிக்கொண்டால் அது கல்யாணமா, கூத்தா என்று கேட்டார்கள். தெய்வம் சேர்த்து வைப்பதை மனுஷன் ஒப்பந்தமாக ஆக்கிவிட்டான் என்று கோபப்பட்டார்கள். ஒப்பந்தம்தான் என்பதே பெரியார் தரப்பின் பதில். அவர்கள் அதற்கு வைத்த பெயர் வாழ்க்கைத் துணை ஒப்பந்தம்.

அடுத்த வருஷம், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும், ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஆக, ஐயர் வேண்டாம் என்பதோடு முடிந்துபோன விஷயம் இல்லை இது. கல்யாணம் யாருக்குச் சொந்தம், சாஸ்திரத்துக்கா, செய்துகொள்ளும் இரண்டு பேருக்கா என்பதுதான் கேள்வி.

கோர்ட் சொன்னது

பிறகு நூற்றுக்கணக்கான ஊர்களில் இப்படிக் கல்யாணங்கள் நடந்தன. குழந்தைகள் பிறந்தன. சொத்துப் பிரச்சினைகளும் வந்தன! அப்படி வந்த ஒரு வழக்கில் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்தத் திருமணம் செல்லாது. சாஸ்திரம் சொன்ன சடங்கும் நடக்கவில்லை, சாதி வழக்கப்படியும் நடக்கவில்லை, ஒரு கூட்டத்தார் சேர்ந்து புதிதாக ஒரு முறையை உண்டாக்கிவிட்டு அதையே வழக்கம் என்று சொல்ல முடியாது என்பது நீதிபதிகளின் வாதம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரைக் கூட்டி மாலை மாற்றி, வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திய பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. அவள் பெற்ற பிள்ளை வாரிசு இல்லை. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் இவர்களைக் காப்பாற்றவில்லை. அதன் 7-ஆம் பிரிவு வழக்கமான சடங்குகளைத்தான் கேட்டது.

1967-ல் அண்ணா முதல்வரான பிறகுதான் விடிவு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில், தெரிந்த மொழியில் "உன்னை ஏற்கிறேன்" என்று சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். மூன்றில் ஏதாவது ஒன்று. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அறிவித்தார்கள்.

சுக்கிலநத்தத்தில் நடந்ததைச் சட்டம் ஏற்க ஏறக்குறைய 40 வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் நான் கவனித்த முக்கியமான விஷயம் வேறு. இந்தச் சட்டம் எந்தப் புரோகிதரையும் தொந்தரவு செய்யவில்லை. அக்னி வளர்ப்பவர்கள் இன்றும் வளர்க்கிறார்கள். மதம் தன் வாசலைத் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சர்க்கார் தன் பதிவேட்டைத் திறந்தது, அவ்வளவுதான்.

2023, டெல்லி

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் தளர்த்தியபோது, மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் ஒரு ஜோதிடர், கிறிஸ்தவ அமைப்புகள், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் எல்லோரும் இருந்தார்கள். மற்ற விஷயங்களில் ஒரே மேடையில் பார்க்க முடியாதவர்கள்! 2013-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மனம் ஒத்த இருவரின் உறவு குற்றமில்லை என்றது.

அடுத்த படி திருமணம். 2023 ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். மதங்களின் தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டோம், 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். மதம் பார்க்காமல் பதிவு செய்யும் சட்டம் அது. அப்படியும் ஜமியத் உலமா-இ-ஹிந்த் எதிர்த்து மனு போட்டது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்பதே இந்தியக் குடும்பம் என்று மத்திய அரசு எதிர்த்தது. அக்டோபர் 17-ல் தீர்ப்பு: திருமணம் அடிப்படை உரிமை அல்ல, இதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம். இதில் ஐவரும் ஒரே கருத்து. திருமணம் என்று இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது ஒரு சட்ட அங்கீகாரம் தரலாமா என்பதில் மட்டும் 3-க்கு 2 என்று பிரிந்தார்கள், அதிலும் மறுப்பவர்களே அதிகம். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

இதற்குள் நெதர்லாந்து (2001), தைவான் (2019), தாய்லாந்து (2025) எல்லாம் சட்டம் போட்டு ஏற்றுக்கொண்டன.

இரண்டும் ஒன்றா?

இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுக்கிலநத்தத்தில் மணந்தது ஆணும் பெண்ணும்தான். 7-ஏ பிரிவும் கணவன், மனைவி என்றுதான் பேசுகிறது. அதைக் காட்டி இரண்டு பெண்கள் இன்று பதிவு அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அதோடு, அன்றைக்கு ஓர் இயக்கமும் சட்டசபையில் பெரும்பான்மையும் பின்னால் இருந்தன. இன்றைக்கு இவர்களுக்கு அது இல்லை.

ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை. எங்கள் மாவட்ட வழக்குகளும் போகிற மதுரைக் கிளையில் 2019-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்ததால் வந்த வழக்கு அது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை என்று, பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கில் சொன்னது.

மத நம்பிக்கை உள்ளவர்களைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. எங்கள் ஊரிலேயே கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. இந்துவுக்குக் கல்யாணம் சம்ஸ்காரம், கத்தோலிக்கருக்கு அருட்சாதனம். முஸ்லிம்களின் நிக்காஹ், மஹர் பேசி, சாட்சிகள் முன்னால் இருவர் சம்மதத்தோடு செய்யும் ஒப்பந்தம். ஒரே ஊரில் மூன்று விளக்கம். மூன்று பேரும் தங்கள் விதிப்படி, "இது எங்கள் கல்யாணம் இல்லை" என்று சொல்லலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு மதத்தின் கல்யாணத்தை இன்னொரு மதம் கல்யாணமாக ஏற்காததால் அது செல்லாமல் போவதில்லையே? மூன்றையும் செல்ல வைப்பது சட்டம்தான்.

ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது, செத்த பிறகு வீடு யாருக்கு, பென்ஷன் யாருக்கு? 1953-ல் தோற்றவர்கள் கேட்டதும் இந்த மாதிரி விஷயங்களைத்தான். இன்றைக்கு இவர்கள் கேட்பதும் அதைத்தான். இதற்குப் பதில் வேதத்தில் தேட வேண்டியதில்லை.

அடுத்த விவாதத்தில் நண்பனிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன்: "மாப்ள, சாமி ஒத்துக்காதுன்னு சொன்ன கல்யாணம் ஒண்ணு நம்ம அருப்புக்கோட்டை பக்கத்துலயே நடந்துச்சு. 40 வருஷம் கழிச்சு சட்டம் ஒத்துக்கிச்சு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல."

அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?