காலின் அடைப்பும் வக்ஃபின் பாடமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்). கலீஃபா வலீதைக் காண ஷாம் சென்ற பயணத்தில் அவருடைய காலில் அழுகல் நோய் கண்டு மேலேறியது. உயிரைக் காக்கக் காலை அறுப்பதே வழி என்றனர் மருத்துவர்கள். வலி தெரியாதிருக்க அளித்த மதுவையும் மறுத்து, இறைவனை நினைவுகூர்ந்தபடி அவர் அதைத் தாங்கிக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்தப் பொறுமையை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அழுகிய காலுக்கு அன்று வேறு மருத்துவம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

அந்நிலை மாற ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1948 இல் பாரிஸில் ழான் குன்லின், நோயாளியின் சிரையையே எடுத்துத் தமனியின் அடைப்பைத் தாண்டி இணைத்தார். இன்று நாம் பைபாஸ் என்பது இதையே. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர், காலை அகற்றச் சம்மதியாத 82 வயது மூதாட்டிக்குக் கத்தியின்றி, மெல்லிய குழாயைச் செலுத்தியே அடைப்பை விரித்தார். 1974 இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அதற்குப் பலூனைக் கையாண்டார். ஸ்டென்ட் பின்னர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எண்ணற்ற கால்கள் தப்பின.

ஆயினும் விரித்த தமனி அப்படியே நிலைத்துவிடுவதில்லை. காயத்தை ஆற்ற முயலும் உடல், உட்சுவரில் திசுவை வளர்த்து வழியை மீண்டும் சுருக்கிவிடுகிறது. சர்க்கரை நோயும் பீடி, சிகரெட்டும் தொடர்ந்தால் புதிய அடைப்புகளும் சேர்கின்றன. 2022 இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், நல்ல சிரை உடையோரிடையே பெரிய மறுசிகிச்சை தேவைப்பட்டோர் பைபாஸ் பிரிவில் நூற்றுக்கு 9 பேர். குழாய்வழிப் பிரிவில் 23 பேர். மறு ஆண்டே வந்த பாசில்-2 ஆய்விலோ, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளோரில் குழாய்வழிச் சிகிச்சையை முதலில் பெற்றோரே காலை இழவாமல் மிகுதியாக உயிர்வாழ்ந்தனர். ஆகவே எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எதுவாயினும், செலவு ஒருமுறையோடு முடியும் என்று நாம் எண்ணிவிடலாகாது.

நம் மாநிலத்தின் காப்பீட்டு வரலாறும் இதையே உணர்த்துகிறது. 2009 இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்திற்கு நான்காண்டுகளுக்குச் சேர்த்தே ஒரு லட்சம் ரூபாய் வரம்பு வைத்தது. இன்றைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வரம்பே பொருந்தும்.

எனினும், 1903 இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த நம் அருவங்காட்டிலிருந்து கோவைக்கு மலையிறங்கும் வண்டிக் கூலி, உடனிருப்பவர் இழக்கும் நாள்கூலி, மாதந்தோறும் புண்ணுக்குக் கட்டுப் போடும் செலவு ஆகியன குடும்பத்தின் தோளிலேயே விழுகின்றன. முதல் சிகிச்சைக்கு ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து மனமுவந்து கொடுக்கிறோம். இரண்டாம் முறை அடைப்பு வந்தபோது கேட்க நாணி, நகையை அடகு வைத்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். கேட்காதிருந்தது அவர்களின் கண்ணியம். கேளாமலே அறிந்துகொள்ளாதது நம் குறை.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, வக்ஃப் சொத்துகளின் வருமானத்தில் நடந்து, ஏழை, செல்வர் என்ற பேதமின்றி இலவசமாக மருத்துவம் அளித்தது. வக்ஃபின் சிறப்பே அதன் தொடர்ச்சிதான்: முதல் அழியாது, பலன் ஆண்டுதோறும் வரும். மீண்டும் வரும் நோய்க்கு மீண்டும் வரும் உதவியே மருந்து.

எனவே ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலும் இத்தகைய நோயாளிக்கு ஒருமுறைத் தொகை தருவதோடு நில்லாது, ஆண்டுத் தொகையும் ஒதுக்கட்டும். மருத்துவத்தால் கடனாளியானோர் ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினரில் அடங்குவர் என்பதை நினைவில் கொள்வோம். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியுமாயின், மலைக்குளிர் என்று தள்ளிவிடாமல் மருத்துவரைக் காண்போம். புகையை இன்றே விடுவோம்.

பள்ளிவாசலுக்கு நடந்து வரும் கால்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் காத்தருள்வானாக. ஆமீன்.